கண்டி முதல் மொஸ்கோ வரை: கே.பி.எஸ். மேனனின் பதவி வாழ்வும் மலையகத் தொழிலாளரும்

1

இந்திய இராஜதந்திரி ஒருவரின் வாழ்க்கையை மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஆராய வேண்டிய தேவை யாது என்னும் வினா வாசகர் உள்ளத்தில் எழுவது இயல்பே. எழுவான்கரையும் படுவான்கரையும் ஒல்லாந்தர் காலத்தையும் பிரித்தானியர் காலத்தையும் கண்டவை. ஆயினும் கண்டியிலும் டெல்லியிலும் மொஸ்கோவிலும் பணியாற்றிய ஒருவரின் வரலாற்றில் அவற்றுக்கு நேரடியான பங்கு எதுவும் இருந்ததாகத் தோன்றாது.

எனினும் இப்பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையைக் கண்டுகொள்வர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது பெருந்தோட்டங்களைப் பட்டினி பீடித்தது. 1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இனவன்செயல் வெடித்தது. 1981இலும் 1983இலும் அது மீண்டும் தலைதூக்கியது. இவற்றால் மலையகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுட் பல வவுனியாவிலும் கிழக்கு மாகாணத்திலும் வந்து குடியேறின. மட்டக்களப்பு மாவட்டத்தின் உட்பகுதிகளும் அவர்களுக்கு இடமளித்தன. காடு வெட்டியும் கூலி வேலை செய்தும் பிழைத்த அம்மக்களை இப்பிரதேசத்தவர் எப்போதும் மனமுவந்து ஏற்றனர் எனக் கூறுதற்கில்லை. 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. நம்மிடையேயும் அது வழங்கியது. நமது ஆய்வுகளோ கண்ணகி வழிபாடு, கூத்து, குடிமரபு, போடியார் முறைமை ஆகியவற்றை விரிவாகப் பேசியபோதும் இம்மக்களைப் பெரும்பாலும் பேசவில்லை. இதனை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மக்கள் எவ்வாறு நாடற்றவராயினர்? அவர்களைப் பற்றிய முடிவுகளை எடுத்தோர் யாவர்? எத்தகைய பதவிகளிலிருந்து அம்முடிவுகள் எடுக்கப்பட்டன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர் முன் குமார பத்மநாப சிவசங்கர மேனன் என்னும் கே.பி.எஸ். மேனனின் பெயர் வந்து நிற்கும். 1929 முதல் சில ஆண்டுகள் இந்திய அரசாங்கத்தின் இலங்கை முகவராகக் கண்டியில் இருந்தவர் அவர். 1948 முதல் 1952 வரை சுதந்திர இந்தியாவின் முதலாவது வெளியுறவுச் செயலாளர். 1952 முதல் 1961 வரை சோவியத் ஒன்றியத்தில் இந்தியத் தூதர். 1979இல் லெனின் சமாதானப் பரிசு பெற்றவர். முற்போக்காளரால் நன்கு மதிக்கப்பட்ட ஒருவர். ஆதலின் அவரது வாழ்வை ஆராய்தல் நமக்கு ஒருவகையில் சுயவிமர்சனமுமாகும்.

2

மேனன் 1898ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி கோட்டயத்திற் பிறந்தார். மார்க்சிய அறிஞர் பிளெஹானவ் வரலாற்றில் தனிமனிதனின் பங்கு பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். தனிமனிதரின் ஆற்றல்கள் வரலாற்று நிகழ்வுகளின் தனித்தன்மைகளைப் பாதிக்கலாம். ஆயின் அவற்றின் பொதுப்போக்கைச் சமூக உறவுகளே நிர்ணயிக்கின்றன என்பது அக்கட்டுரையின் சாரம். மேனனின் வாழ்வு இக்கூற்றுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்ட்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். பின்னாளிற் பிரித்தானியப் பிரதமரான அன்ரனி ஈடன் அங்கு அவரது சமகாலத்தவர். 1920களின் தொடக்கத்தில் மேனன் இந்திய சிவில் சேவையிற் சேர்ந்தார். அவரது மனைவியார் சேர் சி. சங்கரன் நாயரின் மகளாவார். சங்கரன் நாயர் 1897இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கியவர். ஜாலியன்வாலா பாக் படுகொலையைத் தொடர்ந்த அடக்குமுறையைக் கண்டித்து, 1919இல் வைசிராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவர். எனவே மேனன் வளர்ந்த சூழல் ஒருபுறம் ஏகாதிபத்தியத்தின் உயர் நிர்வாகத்தோடும் மறுபுறம் மிதவாதத் தேசியத்தோடும் பிணைந்திருந்தது. இவ்விரண்டுக்குமிடையே தீராத முரண்பாடு இருப்பதாக அவ்வகுப்பார் கருதவில்லை. ஆட்சியதிகாரம் ஆங்கிலேயரிடமிருந்து தம்மவரிடம் கைமாறும்போதும் நிர்வாகம் அதே வடிவில் தொடரும் என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. 1947இல் நிகழ்ந்ததும் பெரிதும் அதுவே.

இலங்கைக்கு வருமுன் மேனன் சென்னை மாகாணத்தில் திருப்பத்தூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நிர்வாகப் பணியாற்றினார். இவ்விடத்து ஒரு செய்தி நோக்கற்பாலது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் அமைப்பின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியே. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளின் நிலமற்ற விவசாயக் கூலிகளும் கடனில் மூழ்கிய சிறு விவசாயிகளும் கங்காணிமாரின் பின்னால் மண்டபம் முகாமை நோக்கிச் சென்றனர். பள்ளர், பறையர், சக்கிலியர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் அவர்களுட் பெருந்தொகையினர். அவர்கள் புறப்பட்ட மண்ணை ஆண்ட நிர்வாகத்தில் இருந்த ஒருவரே பின்னர் அவர்கள் போய்ச் சேர்ந்த மண்ணில் அவர்களது நலன் காக்கும் முகவராகவும் அமர்ந்தார். வறுமையை உற்பத்தி செய்த நிலவுடைமை அமைப்பைப் பாதுகாத்த அதே அரசு, அவ்வறுமையினால் வெளியேறியோரின் பாதுகாவலனாகவும் தன்னைக் காட்டிக்கொண்டது.

3

முகவர் பதவியின் தோற்றத்தை விளங்கிக்கொள்ளாது மேனனின் கண்டி வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்கீழ் இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசாங்கத்தின் முகவர்கள் நியமிக்கப்பட்டனர். பிஜி, மொரீசியஸ், நேட்டால் முதலிய இடங்களில் நிலவிய ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த தேசிய எதிர்ப்பின் பின்விளைவாகவே இச்சட்டம் தோன்றிற்று. ஆள் அனுப்புதலை முற்றாக நிறுத்தாது, அதனை ஒழுங்குபடுத்துவதே இதன் நோக்கமாயிருந்தது.

இலங்கையில் ஒப்பந்தக் கூலிமுறையின் இடத்தைக் கங்காணி முறை வகித்தது. கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியின் கடனாக மாறிற்று. கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்வதாயின், அக்கடனைத் தீர்ப்பவருக்குத் தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' வேண்டும். அத்துண்டு உண்மையில் மனிதரின் மீது எழுதப்பட்ட விலைச்சீட்டேயாகும். 1921இல் அது சட்டத்தினால் ஒழிக்கப்பட்டதெனினும் கங்காணியின் அதிகாரம் ஒழியவில்லை.

மட்டக்களப்பு வயல்வெளிகளின் உழைப்பு உறவுகளை அறிந்தோருக்கு இங்கு ஓர் ஒப்புமையும் ஒரு வேற்றுமையும் புலனாகும். போடியாருக்கும் முல்லைக்காரருக்குமிடையேயும் முற்கடனும் சார்புநிலையும் உண்டு. ஆயின் முல்லைக்காரர் தமது ஊரிலும் குடியிலும் கோயிலிலும் வேரூன்றியவர். அவரது உழைப்புச் சுரண்டப்பட்டபோதும் அவர் 'எவ்வூரார்' என்னும் வினா எழவில்லை. தோட்டத் தொழிலாளியோ உழைப்பை விற்றதோடு ஊரையும் இழந்தார். லயத்து அறை தோட்டத்தினுடையது; வேலை போனால் அறையும் போயிற்று. உழைப்பாளியை மண்ணோடு எவ்வுரிமையாலும் இணைக்காத இவ்வமைப்பே பின்னாளில் அவரை நாடற்றவராக்குதலை எளிதாக்கியது.

ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய மக்களின் நலனைக் கண்காணித்தலே முகவரின் கடமை. தோட்டங்களைப் பார்வையிடுதல், முறைப்பாடுகளைக் கேட்டுத் தோட்டத் துரைமாருடனும் அரசாங்கத்துடனும் கடிதத் தொடர்பு கொள்ளல், நோயுற்றோரையும் வேலை செய்ய இயலாதோரையும் தாயகம் அனுப்ப வழிசெய்தல், கூலி, சுகாதாரம், கல்வி, வருகை, திரும்புகை ஆகியன பற்றி ஆண்டறிக்கை எழுதுதல் ஆகியன அதனுள் அடங்கின. அவ்வறிக்கைகள் இன்று மலையக வரலாற்றை எழுதுவோருக்கு இன்றியமையாத ஆதாரங்களாகும். அவ்வகையில் மேனனுக்கும் அவரது முன்னோர் பின்னோருக்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.

ஆயின் இப்பதவியின் எல்லை யாது? முகவர் எவருக்குப் பொறுப்புடையவர்? தொழிலாளர் அவரைத் தெரிவு செய்யவில்லை. அவர்களால் அவரை நீக்கவும் இயலாது. அவரது அறிக்கை டெல்லிக்குச் சென்றது. தோட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. தொழிலாளி அவ்வறிக்கையின் பொருளாக இருந்தாரேயன்றி அதன் வாசகராக ஒருபோதும் இருந்ததில்லை.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இம்முறைமையின் உச்சப் பயன் எனலாம். அதன்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அமைந்தது. தாழ்நிலத் தோட்டங்களில் முறையே 50, 40, 30 சதங்கள். கூலிக்குச் சட்டத்தினால் ஓர் அடித்தளம் இடப்பட்டமை முன்னேற்றமே. இலங்கையின் ஏனைய உழைப்பாளர் அக்காலத்தில் அதனைப் பெற்றிருக்கவில்லை. அதே சட்டம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பினும் 11 சதம் குறைந்தது எனவும் சிறுவர் உழைப்பு இயல்பானது எனவும் எழுத்தில் உறுதிசெய்தது. தேயிலைத் தொழிலின் முதுகெலும்பு கொழுந்து பறிக்கும் பெண்ணே என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாட்டின் பொருளாதார உட்பொருள் தெளிவாகும். இந்த அடித்தளமும் நிலைக்கவில்லை. மேனன் வந்த ஆண்டிலேயே உலக முதலாளித்துவத்தின் பெருமந்தம் தொடங்கியது. தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்தன. 1931க்கும் 1933க்குமிடையே குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது. தொழிலாளர் பெருந்தொகையில் இந்தியாவுக்குத் திரும்பினர். கூலி நிர்ணயத்துக்கு வழிசெய்த சட்டமே கூலி வெட்டுக்கும் சட்டவுரு வழங்கியது.

4

மேனனின் கண்டிக் காலம் இலங்கை அரசியலின் திருப்புமுனையுமாகும். 1928இல் வெளியான டொனமூர் அறிக்கை சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. தோட்டத் தொழிலாளருக்கும் வாக்குரிமை கிட்டுமென்ற எண்ணம் உள்ளூர் உடைமை வர்க்கத்தாரைக் கலங்கச் செய்தது. விளைவாக நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இலங்கையை நிலையான வதிவிடமாகக் கொண்டோர், கல்வி அல்லது சொத்துத் தகைமையுடையோர், ஐந்தாண்டு வதிவின் பின் நிலையான குடியிருப்புச் சான்றிதழ் பெறுவோர் ஆகியோருக்கே வாக்கு எனத் தீர்மானிக்கப்பட்டது.

இவற்றுள் மூன்றாவது நிபந்தனை நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. அச்சான்றிதழைப் பெறுவோர் இந்தியர் என்ற வகையில் தமக்கிருந்த விசேட பாதுகாப்புகளைக் கைவிட வேண்டும். வாக்கு வேண்டுமா, முகவரின் பாதுகாப்பு வேண்டுமா என்பதே தொழிலாளியின் முன் வைக்கப்பட்ட தெரிவு. அரசியல் உரிமையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று முரண்பட்டவையாக ஆக்கப்பட்டன. முகவர் பதவியின் உள்ளார்ந்த முரண்பாடு இதைவிட வெளிப்படையாக ஒருபோதும் தெரியவந்ததில்லை. பாதுகாக்கப்படுவோர் பாதுகாக்கப்படுவோராகவே நீடிக்கும்வரை குடிமக்களாக இயலாது. 1931ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறக்குறைய ஓர் இலட்சம் இந்தியர் வாக்காளராயினர். ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ்.பி. வைத்திலிங்கமும் அரசாங்க சபைக்குச் சென்றனர். பெரி சுந்தரம் தொழில் அமைச்சருமானார்.

இதே காலத்திற் கோ. நடேசய்யர் வேறொரு வழியை நாடினார். தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகையாளராக விளங்கிய அவர், தோட்டங்களுக்குட் பிறர் நுழைவதைத் துரைமார் தடுத்த காலத்தில் புடவை வியாபாரியாக வேடம் புனைந்து உட்சென்றார் என்பர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டினாலும் பேச்சினாலும் தொழிலாளரைத் திரட்டினார். முகவர் துரையின் பங்களா வாசல் வழியே தோட்டத்தினுட் சென்றார். நடேசய்யர் லயத்தின் பின்வழியே சென்றார். முன்னவர் தொழிலாளரைப் பற்றி எழுதினார். பின்னவர் தொழிலாளரை நோக்கி எழுதினார். நடேசய்யரின் அரசியலிலும் குறைபாடுகள் உண்டு. எனினும் தொழிலாளர் தம்மைத் தாமே ஒரு சக்தியாக உணர்ந்தது அவ்வழியிலேதான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானபோது அவ்வுணர்வு இடதுசாரி இயக்கத்தோடும் கைகோத்தது.

அவ்வாண்டுகளில் பாக்கு நீரிணையை எதிர்த்திசையிற் கடந்த ஒருவரையும் இவ்விடத்து நினைவுகூர்தல் பொருந்தும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். அறிஞருக்கு அந்நீரிணை ஒரு பாலமாயிருந்தது. கூலித் தொழிலாளருக்கோ அது மண்டபம் முகாமின் தடுப்புக் காவலாயிருந்தது. தமிழ்ப் பண்பாட்டு ஒருமைப்பாடு பற்றி நாம் பேசும்போது இந்த வர்க்க வேறுபாட்டை மறந்துவிடுதல் ஆகாது.

5

மேனனின் அடுத்த பணி இவ்வேறுபாட்டை மேலும் தெளிவுபடுத்தும். 1934இல் சன்சிபார் அரசாங்கம் பிறப்பித்த கட்டளைகள் கராம்பு வாணிபத்தில் ஈடுபட்டிருந்த இந்திய வணிகரையும் வட்டிக்குக் கொடுப்போரையும் பாதித்தன. அதனை விசாரித்து அறிக்கை தருமாறு இந்திய அரசாங்கம் மேனனை அனுப்பியது. அவ்வறிக்கை இந்தியாவிற் பெரும் கவனத்தைப் பெற்றது. சில ஆண்டுகளின் பின் இந்திய தேசிய காங்கிரஸ் கராம்புப் பகிஷ்கரிப்பை நடத்தியது. 1938இல் இணக்கம் ஏற்பட்டது. வணிகருக்காகத் தேசிய இயக்கம் சந்தையையே ஆயுதமாக்கியது. இலங்கைத் தொழிலாளர் விடயத்தில், இந்தியத் தினக்கூலிகளை அரச வேலைகளிலிருந்து இலங்கை அரசாங்கம் நீக்கியபோது, இந்தியா 1939 ஓகஸ்டில் தொழிலாளர் வருகையைத் தடைசெய்தது. அத்தடை ஏற்கெனவே இங்கிருந்தோரின் உரிமையைப் பெற்றுத் தரவில்லை. தாயகம் சென்று திரும்பும் வழியையே நெருக்கியது. இருவரும் கடல் கடந்த இந்தியரே. ஆயின் மூலதனத்தைக் காத்த முறை வேறு, உழைப்பைக் காத்த முறை வேறு.

பின்னர் மேனன் பரத்பூர் சமஸ்தானத்தின் திவானாகவும் சீனாவில் இந்தியாவின் முகவர் நாயகமாகவும் பணிபுரிந்தார். 1944இல் இந்துகுஷ், பாமீர் மலைகளையும் சிங்கியாங்கையும் தரைவழியே கடந்து சுங்கிங் சென்ற பயணத்தை அவர் நாட்குறிப்பு வடிவில் நூலாக்கினார். 1948இன் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் கொரியத் தற்காலிக ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தார். அக்கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியில் மட்டும் 1948 மே மாதம் நடைபெற்ற தேர்தல் நாட்டின் பிரிவினையை உறுதிசெய்ததென்பதும், அப்பிரிவினை இன்றும் நீங்கவில்லை என்பதும் யாவரும் அறிந்ததே.

அதே ஆண்டில் அவர் இந்திய வெளியுறவுச் செயலாளரானார். இங்குதான் கண்டியும் டெல்லியும் ஒரே மனிதரிற் சந்திக்கின்றன. 1948 நவம்பரில் இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அதனைத் தொடர்ந்தது. அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தது. 1947இல் மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பெற்ற வெற்றியும், வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் தொழிலாளர் அளித்த ஆதரவும் ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியமையே இதற்கு அடிப்படைக் காரணம். இனவாத வடிவில் வெளிப்பட்ட வர்க்க நடவடிக்கை இதுவாகும்.

அப்போது வெளியுறவு அமைச்சையும் தம்மிடம் வைத்திருந்தவர் பிரதமர் நேரு. அமைச்சின் பொதுச் செயலாளர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். எனவே கொள்கைப் பொறுப்பை மேனன் ஒருவர் மீது சுமத்துதல் நியாயமாகாது. அங்கு நிலையாக வாழ்வோர் இலங்கையின் பிரசைகளே என்ற இந்தியாவின் நிலைப்பாடு கோட்பாட்டளவிற் சரியானதுமாகும். ஆயின் லயத்து வாழ்வை நேரிற் கண்டறிந்த ஒருவர் அவ்வமைச்சின் செயலாளராக இருந்தும் நிலைமை மாறவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கண்டியிற் பெற்ற அறிவு டெல்லியில் நடவடிக்கையாக மாறவில்லை. அறிவு குறைந்திருந்தமையால் அன்று. அரசுகளுக்கிடையேயான உறவின் தராசில் வாக்கற்ற உழைப்பாளரின் எடை குறைந்திருந்தமையாலேயே.

இவ்விடத்தில் மட்டக்களப்பும் அவ்வரலாற்றினுள் நேரடியாக நுழைகிறது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு நீக்கப்பட்ட 1949ஆம் ஆண்டிலேயே கல்லோயா அபிவிருத்திச் சபைச் சட்டமும் நிறைவேறியது. அன்று அம்பாறையும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியே. 1961இலேயே அது தனி மாவட்டமாயிற்று. ஒருபுறம் மலையகத்தில் தமிழ் உழைப்பாளரின் வாக்கை நீக்கித் தொகுதிகளின் சமநிலையை மாற்றிய அதே அரசு, மறுபுறம் நமது மாவட்டத்தில் அரச குடியேற்றத்தின் மூலம் அச்சமநிலையை மாற்றத் தொடங்கியது. நிலமற்ற சிங்கள விவசாயிக்கு நிலம் வழங்குதல் தன்னளவில் நியாயமானதே. ஆயின் நிலமற்றோருள் மிகவும் நிலமற்றவரான தோட்டத் தொழிலாளி அந்நியராக்கப்பட்டு அதிலிருந்து விலக்கப்பட்டார். கிழக்கின் குடியேற்றப் பிரச்சினையையும் மலையகத்தின் பிரசாவுரிமைப் பிரச்சினையையும் தனித்தனியாக நோக்கிவந்த தமிழ் அரசியல் இவ்விரண்டினதும் பொது மூலத்தைக் காணத் தவறியது. அத்தவறின் விலையை 1956 ஜூனில் கல்லோயாவில் நிகழ்ந்த வன்செயல் முதற்கொண்டு இப்பிரதேசம் செலுத்தி வந்துள்ளது.

6

மேனனின் புகழ் பெரிதும் மொஸ்கோ ஆண்டுகளைச் சார்ந்தது. 1953 பெப்ரவரி 17ஆம் திகதி அவர் ஸ்டாலினைச் சந்தித்தார். அச்சந்திப்பின்போது ஸ்டாலின் தாளிற் சிவப்புப் பென்சிலால் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்ததாக அவர் பின்னர் எழுதினார். மார்ச் 5ஆம் திகதி ஸ்டாலின் காலமானார். அவரை இறுதியாகச் சந்தித்த வெளிநாட்டார் வரிசையில் மேனனின் பெயர் இடம்பெறலாயிற்று. 1955இல் பிலாய் உருக்காலை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அவ்வாண்டு நேரு மொஸ்கோ சென்றார். குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தனர். ஏகாதிபத்திய நாடுகள் மறுத்த கனரகத் தொழில்நுட்பத்தைச் சோவியத் ஒன்றியம் வழங்கியமை மூன்றாம் உலக நாடுகளின் வரலாற்றில் முக்கியமான நிகழ்வாகும். அந்நட்பை வளர்ப்பதில் மேனன் உண்மையான ஈடுபாடு காட்டினார். ஓய்வின் பின்னும் இந்திய-சோவியத் பண்பாட்டுக் கழகத்தில் உழைத்தார். லெனின் சமாதானப் பரிசு அதன் அங்கீகாரம். 1982 நவம்பர் 22ஆம் திகதி ஒற்றப்பாலத்தில் அவர் மறைந்தார்.

முற்போக்கு வட்டாரங்களில் மேனன் நினைவுகூரப்பட்டது இந்த இறுதிக் கட்டத்தினாலேயே. லெனின் பரிசு பெற்றவர் என்னும் அடைமொழியோடு அவர் வாழ்வு தொடங்கி முடிவதாக எழுதும் வழக்கம் நமது வாசகரிடையேயும் இருந்தது. இதில் ஒரு கோட்பாட்டுப் பிழை உண்டு. இரு அரசுகளின் நட்பை உழைக்கும் மக்களின் ஒருமைப்பாடாக நாம் எண்ணிக்கொண்டோம். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் பேசப்பட வேண்டியோர். 1974இல் அவர்களும் இருபாகமாகப் பிரிக்கப்பட்டனர். அவ்விரு அரசுகளும் அணிசேராக் கொள்கையுடையன. சோவியத் ஒன்றியத்தோடு நட்புடையன. பங்கிடப்பட்டோரின் கருத்தை எவரும் கேட்கவில்லை என்பது அந்நட்பினால் மாறிவிடவில்லை. 1964இல் இலங்கையில் ஆட்சியில் அமர்ந்திருந்த கூட்டரசாங்கத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் இடம்பெற்றிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், இப்பிழை மேனன் போன்ற அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

மேனன் தமது தன்வரலாற்றுக்குப் 'பல உலகங்கள்' எனப் பொருள்படும் பெயரை இட்டு 1965இல் வெளியிட்டார். பொருத்தமான பெயரே. ஒக்ஸ்போர்ட், கண்டி, சுங்கிங், மொஸ்கோ எனப் பல உலகங்களிடையே அவர் இயல்பாகச் சென்றுவந்தார். அவர் அறிக்கைகளில் இடம்பெற்ற தொழிலாளிக்கோ லயத்து அறையும் பிரட்டுக்களமும் தேயிலை மலையுமாக ஒரே உலகமே வாய்த்தது. அந்த ஒன்றும் அவருடையதல்ல எனப் பின்னர் சொல்லப்பட்டது.

7

இவ்வரலாறு மேனனோடு முடியவில்லை. 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இந்திய வெளியுறவுச் செயலாளராக இருந்தவர் அதே பெயருடைய அவரது மகனாவார். அவ்வொப்பந்தத்தின் பின் வந்த இந்தியப் படையை மட்டக்களப்பு மக்கள் 1990 மார்ச் வரை தம் வீதிகளிற் கண்டனர். மேனனின் பேரர் சிவசங்கர் மேனன் 1997 முதல் 2000 வரை கொழும்பில் உயர்ஸ்தானிகராகவும், 2006 முதல் 2009 வரை வெளியுறவுச் செயலாளராகவும் இருந்தார்; 2009 மேயில் யுத்தம் முடிவுற்றது அவரது பதவிக் காலத்திலாகும். மூன்று தலைமுறையினர் இலங்கைப் பிரச்சினையைக் கையாண்ட பதவிகளில் அமர்ந்தனர். இதனைக் குடும்பச் சதியாகக் காண்பது நகைப்புக்குரியது. ஒவ்வொருவரும் தத்தம் திறமையினாலேயே அப்பதவிகளைப் பெற்றனர். ஆயின் கல்வியும் ஆங்கிலமும் பண்பாட்டு மூலதனமும் ஒரு சமூகப் படையினுள் எவ்வாறு மறுஉற்பத்தி செய்யப்படுகின்றன என்பதற்கு இது சான்று. அதே மூன்று தலைமுறைகளில் லயத்து அறையும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்து சேர்ந்தது.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலைக்குச் சட்டத்தளவில் முடிவு கண்டன. இவை டெல்லியின் அறிக்கைகளால் மட்டும் கிட்டியவை அல்ல. தொழிற்சங்கப் போராட்டங்களும், மீண்டும் வாக்குரிமை பெற்ற மலையக மக்களின் அரசியற் பேரமும் இவற்றின் பின்னால் இருந்தன. தலவாக்கலையிலிருந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை முதலானோர் எழுத்திலும் இயக்கத்திலும் இம்மக்களின் குரலை அவர்களது குரலாகவே ஒலிக்கச் செய்தனர். வரலாற்றை இறுதியில் நகர்த்தியது அக்குரலே.

மேனனைக் கண்டித்தல் நமது நோக்கமன்று. அவர் நேர்மையான அதிகாரி, பண்பட்ட எழுத்தாளர், சமாதானத்தை விரும்பியவர். தனிமனிதரின் நற்பண்பு அவர் வகிக்கும் பதவியின் வர்க்க எல்லையைத் தாண்டுவதில்லை என்பதையே அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. இப்பாடம் அதிகாரிகளுக்கு மட்டுமன்று, ஆய்வாளராகிய நமக்கும் உரியது. நாமும் உழைக்கும் மக்களைப் பற்றி எழுதுகிறோம். அவர்கள் வாசிக்காத ஏடுகளில் எழுதுகிறோம். வாவியின் அக்கரையில், மலையகத்திலிருந்து வந்து பல பத்தாண்டுகளாக நம்மோடு வாழும் குடும்பங்களின் வாய்மொழி வரலாறு இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. எத்தோட்டத்திலிருந்து, எவ்வாண்டில், எவ்வழியே வந்தனர், யார் இடமளித்தனர், யார் விரட்டினர் என்பவற்றை அறிந்த முதியோர் நாளுக்கு நாள் மறைந்து வருகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டிய உடனடிப் பணி இதுவே. அத்தொகுப்பு இன்னுமொரு முகவர் அறிக்கையாக அமைந்துவிடாதிருக்க வேண்டுமாயின், அதனை அம்மக்களின் பிள்ளைகளே முன்னின்று செய்தல் வேண்டும். எழுதி முடிந்ததும் அது முதலில் அவர்கள் முன்னிலையிலேயே வாசிக்கப்படல் வேண்டும்.